ஹிமாச்சலிலிருந்து மண்ணில்லாமல் வரும் பழச்செடிகள்: வழியில் எப்படி, வந்த பிறகு எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை பக்கம் முக்கால் ஏக்கர் நிலம். ஹிமாச்சலில் ஒரு நர்சரியில் 60 ஆப்பிள், 20 பிளம்ஸ், கொஞ்சம் பெர்சிமன் சொல்லியாயிற்று. ஆப்பிளில் அன்னா, டார்செட் கோல்டன், ஹரிமன் 99 மூன்றும் கலந்து. எல்லாம் பேர் ரூட், அதாவது மண்ணே இல்லாமல் வெறும் வேரோடு கட்டாக வரும். ஜனவரி மூன்றாம் வாரம் அனுப்புவார்களாம், வந்து சேர ஏழெட்டு நாள் ஆகுமாம். குழி பாதிதான் வெட்டியிருக்கிறது. இத்தனை நாள் மண்ணில்லாமல் செடி தாங்குமா, வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் வைத்திருக்க முடியுமா, எங்கே எப்படி வைப்பது?

தாங்கும், வைத்திருக்கவும் முடியும். ஏழெட்டு நாள் என்றதும் வயிற்றில் புளி கரைவது புரிகிறது, ஆனால் நாள் கணக்கு இங்கே அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய நர்சரிகள் நவம்பர், டிசம்பரில் பிடுங்கிய ஆப்பிள் கன்றுகளைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து ஏப்ரல் வரை விற்கிறார்கள். மாதக்கணக்கில் மண்ணைப் பார்க்காத செடி நட்டதும் ஒழுங்காகத் துளிர்க்கிறது. அதே செடியின் வேரை வெயிலும் காற்றும் படுகிற வரப்பில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், போச்சு. நான் பார்த்த வரையில் செத்துப்போன செடிகளில் பெரும்பாலானவை பார்சலுக்குள் சாகவில்லை, கட்டைப் பிரித்ததற்கும் குழியை மூடியதற்கும் நடுவில்தான் செத்திருக்கின்றன. ஆகவே எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்காமல், வேர் எப்போதெல்லாம் வெளியே தெரிகிறது, கட்டு எந்தச் சூட்டில் கிடக்கிறது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

இலை உதிர்த்து உறக்கத்துக்குப் போகிற மரத்துக்குத்தான் இந்த முறை செல்லும். ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ், பீச், பெர்சிமன், வால்நட், அத்தி எல்லாம் அந்த வகை. மா, சப்போட்டா மாதிரி வருஷம் முழுக்க இலையோடு நிற்கிற மரத்தை இப்படி உருவி அனுப்பினால் இலை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும், கொடுக்க வேர் இருக்காது. உறக்கத்தில் இருக்கிற செடியும் முழுசாக நின்றுபோனது இல்லை. மெதுவாக மூச்சு விடுகிறது, போன கோடையில் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. சூடு 10 டிகிரி ஏறினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். 2 டிகிரியில் கிடப்பதற்கும் 32 டிகிரியில் கிடப்பதற்கும் நடுவே இப்படி மூன்று இரட்டிப்பு இருக்கிறது, அதாவது எட்டு மடங்கு. மதுரை கூரியர் கிடங்கில் ஒரு வாரம் கிடந்த கட்டு, சேமிப்பைப் பொறுத்தவரை, குளிர்பதனக் கிடங்கில் இரண்டு மாதம் கிடந்த கட்டுக்குச் சமம்.

இதில் உங்கள் ரகங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, இதை நர்சரிக்காரர்கள் சொல்வதில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் குளிர் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அது முடிந்தால்தான் மொட்டு விரியும். ராயல் டெலிசியஸ் மாதிரிப் பழைய ரகங்களுக்கு 1000 மணி நேரம் அளவுக்குத் தேவை. அன்னாவுக்கும் டார்செட் கோல்டனுக்கும் 300 மணி நேரத்துக்குள் போதும். ஹரிமன் 99ம் அதே மாதிரிதான், பிலாஸ்பூர் மாவட்டத்தில் பனியாலா என்ற தாழ்வான, சூடான ஊரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம் அது (2025இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள்). ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் இவற்றுக்கெல்லாம் குளிர் தேவை முடிந்திருக்கும். அதாவது பார்சலில் ஏறும்போதே செடி எழுந்திருக்கத் தயாராக இருக்கிறது, சூடு பட வேண்டியதுதான் பாக்கி. டெலிசியஸ் கட்டு ஒரு வாரம் சூட்டில் கிடந்தாலும் அசையாமல் இருக்கலாம். அன்னா கட்டு அட்டைப் பெட்டிக்குள்ளேயே வெளிறிய துளிர் விட்டு வந்து நிற்கும். துளிர் தண்ணீர் கேட்கும், ஆனால் புது வெள்ளை வேர் வருவதற்கு மண்ணில் உட்கார்ந்து சில வாரமாவது ஆக வேண்டும். அந்த இடைவெளியில்தான் செடி துளிர்த்த மாதிரி துளிர்த்து, பிறகு திடீரென்று வாடிக் கருகுகிறது. நல்லாத்தானே வந்தது, என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் எல்லாருக்கும் பதில் இதுதான்.

சரி, நர்சரிக்கு இப்போதே போன் போடுங்கள். எப்போது பிடுங்குவீர்கள் என்று கேளுங்கள். டிசம்பர் ஆரம்பத்தில் ஆர்டர் குவியும்போது இலை தொங்கிக்கொண்டிருக்கும் செடியையே பிடுங்கி, இலையைக் கையால் உருவிவிட்டு அனுப்புவது உண்டு. அப்படி வருவதில் நுனித் தண்டு முதிராமல் பச்சையாக இருக்கும், வழியில் சுருங்கும், கட்டுக்குள் மாட்டிய இலை அழுகிப் பூசணம் பிடிக்கும். உங்கள் தேதிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு வரக்கூடியது வேறு: பிடுங்கிப் பல நாளாக நர்சரி முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த கட்டு. பிடுங்குவதும் கட்டுவதும் ஒரே நாளில் நடக்கட்டும், இல்லையென்றால் நடுவில் மண்ணில் புதைத்து வைத்திருந்து எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ராத்திரி உறைபனி விழும். ஆப்பிள் தண்டு உறக்கத்தில் மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கிக்கொள்ளும், வேருக்கு அந்தச் சக்தி கிடையாது, மைனஸ் 10ஐ ஒட்டியே செத்துவிடும். மண்ணுக்குள் இருக்கும்வரை அந்தக் குளிர் வேரை எட்டாது என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

கட்டும் விதம். 20, 25 செடி ஒரு கட்டு, அதற்கு மேல் வேண்டாம், நடுவில் இருக்கும் வேருக்கு ஈரம் போய்ச் சேராது. வேரைச் சுற்றி ஈரப் பாசியோ மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ எதுவானாலும் சரி, வேருக்கு வெளியே மட்டும் இல்லாமல் வேர்களுக்கு நடுவிலும் திணித்திருக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு கை அள்ளி இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகுகிற ஈரத்தில் ஒரு வாரம் கிடந்தால் வேருக்குக் காற்று இல்லாமல் அழுகும். அதன் மேல் பாலித்தீன், முழங்கால் உயரம் வரை. அதற்கும் மேலே தண்டு முழுவதையும் சணல் சாக்கில் சுற்றி நீள அட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வேரை மட்டும் கவனித்துவிட்டுத் தண்டை மொட்டையாக விட்டுவிடுகிறார்கள், தண்டும் பட்டை வழியாகத் தண்ணீர் இழந்துகொண்டுதான் இருக்கும். செடி முழுவதையும் பாலித்தீனில் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், வெயிலில் பத்து நிமிஷம் நின்றாலே உள்ளே வெந்துவிடும்.

களிமண்ணும் சாணியும் தோசை மாவுப் பதத்தில் கரைத்து வேரை அதில் முக்கி அனுப்பும் பழக்கம் சில நர்சரிகளுக்கு உண்டு. வேர் காயாமல் காப்பதில் அது நல்ல முறைதான். ஆனால் நோயுள்ள வேரையும் அது அழகாக மூடிவிடும், அதனால் எனக்குப் பாசியும் மரத்தூளும்தான் பிடிக்கும். சேற்றுக் குழம்பை நடுகிற அன்று நாமே செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, பெயர்ச் சீட்டு. கட்டுக்கு ஒரு சீட்டு போதாது, செடிக்கு ஒன்று வேண்டும், அதுவும் பென்சிலால் எழுதியது. பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. இலையில்லாத குச்சியை வைத்து எது அன்னா எது டார்செட் என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது. அன்னாவுக்கு மகரந்தம் கொடுக்கத்தான் டார்செட் கோல்டனைப் பக்கத்தில் வைக்கிறோம், சீட்டு தொலைந்தால் நாலு வருஷம் கழித்துத்தான் ஒரு வரிசை முழுக்க ஒரே ரகம் என்று தெரிய வரும்.

அனுப்பும் நாளைப் பற்றி. திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றோடு போகும், வெள்ளிக்கிழமை கிளம்பினால் எங்காவது ஒரு கிடங்கில் முதல் ஞாயிறே மாட்டிக்கொள்ளும். ஜனவரியில் இதற்கு மேல் இரண்டு தடங்கல். நம் பக்கம் பொங்கல், நாலு நாள் யாரும் பார்சலைத் தொட மாட்டார்கள். அந்தப் பக்கம் குடியரசு தினம், அதையொட்டி டெல்லி ரயில் நிலையங்களில் சில நாள் பார்சல் புக்கிங்கையே நிறுத்தி வைப்பது வழக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் சண்டிகரிலிருந்து கிளம்பி டெல்லியில் ரயில் ஏற வேண்டிய கட்டு சரியாக அதில் போய்ச் சிக்கும். ஒன்று, பொங்கலுக்கு அடுத்த திங்களே ஏற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 27ஆம் தேதிக்கு மேல் பிடுங்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு வாரம் அங்கே மண்ணில் நிற்பதால் செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, டெல்லியில் ஒரு வாரம் கிடப்பதுதான் நஷ்டம். 80, 90 செடிக்கு விமானக் கட்டணம் கொடுக்கலாமா என்றால், எடை மண்ணில்லாததால் குறைவுதான், கேட்டுப் பாருங்கள், செடி விலையில் கால் பங்குக்குள் வந்தால் நான் கொடுப்பேன்.

வீட்டு வாசல் வரை டெலிவரி என்று போடாதீர்கள். மேல்மலைக்கு வரும் பார்சல் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இறங்கி, மேலே வர வண்டி நிறையும்வரை காத்துக் கிடக்கும். முழுப் பயணத்திலும் செடிக்கு மோசமான இடம் அதுதான். ஜனவரி கடைசியில் மதுரையில் பகல் 30 டிகிரியைத் தாண்டும், தகரக் கூரைக் கிடங்குக்குள் இன்னும் அதிகம். கூரியர் ஆபீஸிலேயே வைத்திருங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதச் சொல்லுங்கள், வந்த அன்றே போய் எடுங்கள்.

எடுத்துவர குட்டி யானை பேசியிருப்பீர்கள். பேசுங்கள், ஆனால் தார்ப்பாய் இல்லாமல் ஏற்றாதீர்கள். திறந்த வண்டியில் அடிக்கிற காற்று வெயிலைவிட வேகமாக உலர்த்தும், வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி பூம்பாறை வந்து சேர்வதற்குள் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் எல்லாம் காய்ந்து முறுகிவிடும். பஸ்ஸின் மேல் கேரியரில் போடுவதும் அதே கதைதான். நாலைந்து ஈரச் சாக்கு கொண்டு போய், பெட்டியை அதனால் போர்த்தி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சாயங்காலமோ விடியற்காலையோ ஏறுங்கள். பெட்டியின் மேல் சிமென்ட் மூட்டை, உர மூட்டை எதுவும் ஏற்ற விடாதீர்கள். ஒரு வருஷத்து ஒட்டு, ஒட்டுப்போட்ட இடத்தில் சட்டென்று பிளந்துகொள்ளும், அதுவும் அடிச்செடி (ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடி) எம் 9 என்ற குட்டை ரகம் என்றால் வேரே முறிகிற ஜாதி.

வந்ததும் வெயில் படாத, காற்று அடிக்காத அறையில் வைத்துப் பிரியுங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், நர்சரியிடம் பேச வேண்டி வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. முதலில் மூக்கு வேலை செய்யட்டும். ஈர மண் வாசனை, மரத்தூள் வாசனை என்றால் நல்லது. புளித்த வாடை, சாக்கடை வாடை என்றால் உள்ளே ஏதோ அழுகியிருக்கிறது. பாசியின் மேல் வெள்ளைப் பூசணம் லேசாகப் படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். பிறகு பென்சில் கனத்தில் இருக்கும் ஒரு வேரை எடுத்து நகத்தால் கீறுங்கள். மேல்தோல் பழுப்பு, உள்ளே பால் வெள்ளையோ இளமஞ்சளோ, கொஞ்சம் வழவழப்பாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்ளேயும் பழுப்பாக இருந்தாலோ, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறை மாதிரி கழன்று நடுவில் நார் மட்டும் நின்றாலோ அந்த வேர் போய்விட்டது. நுனியில் இப்படிக் கொஞ்சம் இருக்கும், வெட்டிவிடலாம். அடிவேர் வரை அப்படியே என்றால் அந்தச் செடியைத் தனியாக வைத்து போட்டோ எடுங்கள். தண்டிலும் மேலே, நடுவில், ஒட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று மூன்று இடத்தில் கீறிப் பார்க்க வேண்டும். நுனி காய்ந்து, ஒட்டுக்கு மேலே ஒரு முழம் பச்சையாக இருந்தால் போதும், எப்படியும் நடும்போது வெட்டத்தான் போகிறோம்.

பெர்சிமன் கட்டைப் பிரித்ததும் ஒரு அதிர்ச்சி வரும், வேர் கன்னங்கரேல் என்று இருக்கும். அது அழுகல் இல்லை, அந்த ஜாதிக்கே வேர் கறுப்பு. இது தெரியாமல் நல்ல செடியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கீறிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதே சமயம் வேர் காய்வதை அதிகம் தாங்காத செடியும் அதுதான், ஆப்பிள் மன்னிப்பதைப் பெர்சிமன் மன்னிக்காது, அதனால் அந்தக் கட்டை முதலில் பிரித்து முதலில் புதைத்துவிடுங்கள். நடுவதிலும் அதற்கே முதல் இடம்.

நோய் பார்ப்பதற்கு வெறும் வேரைப் போல வசதி வேறு எதிலும் இல்லை, பையில் வரும் செடியில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஒட்டுப் பகுதியிலும் பக்க வேர் பிரியும் இடத்திலும் சொரசொரப்பாக, கரடுமுரடாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு பாக்டீரியா, அந்தச் செடியை வெட்டிச் சரி செய்து நடலாம் என்று நினைக்காதீர்கள், எரித்துவிடுங்கள். மண்ணுக்குள் போனால் அது வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். வேர் இடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் கம்பளி அசுவினி. நம் மலைகளுக்கு இது வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்ட பூச்சிதான், இருந்தாலும் புதுத் தோட்டத்துக்கு நாமே காசு கொடுத்து அழைத்து வர வேண்டாம். எம்எம் 106, எம்எம் 111 அடிச்செடிகள் இதைத் தாங்கும்படி உருவாக்கியவை, எம் 9க்கும் விதையில் வந்த காட்டு ஆப்பிளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேரின் மேல் வெள்ளைப் பூசண இழை தோலோடு ஒட்டி விசிறி மாதிரி பரவி, கீறினால் அடியில் பழுப்பாக அழுகியிருந்தால் வெள்ளை வேரழுகல் என்று சந்தேகப்பட வேண்டும், அந்தச் செடியோடு அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வையுங்கள்.

இனி தண்ணீரில் ஊற வைப்பது. வேரை அலசிவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்தால் போதும். தண்டுத்தோல் சுருங்கிக் கோடு விழுந்து வந்திருந்தால் ஒரு ராத்திரி முழுக்க வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். வாளித் தண்ணீரில் நாலு நாள் போட்டு வைத்துவிட்டு, குளுகுளு என்றுதானே இருந்தது என்பார்கள். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். ஊறியும் சுருக்கம் போகவில்லை என்றால் செடியைக் கிடத்தி, வேர் தண்டு எல்லாம் மூடும்படி ஈர மணலில் ஐந்தாறு நாள் நிழலில் புதைத்து வையுங்கள், உயிர் இருக்கிற செடி தோல் உப்பி எழுந்துகொள்ளும். மருந்துக் குளியல் அவரவர் விருப்பம். கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி போடுகிறவர்கள் லிட்டருக்கு 1 கிராம் கலக்குகிறார்கள். அதில் முக்கிவிட்டு அடுத்த நிமிஷமே டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணத்தைப் போடுவதில் மட்டும் அர்த்தம் இல்லை, முதலாவது இரண்டாவதைக் கொன்றுவிடும். ஏதாவது ஒன்று.

வைத்திருக்கும் இடத்துக்கு வருவோம். இரண்டு மூன்று வாரம் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதற்குப் பள்ளத்தில் சாய்த்துப் புதைப்பதைவிட நல்ல வழி இல்லை. வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டியோ, நாளெல்லாம் நிழல் விழுகிற மரத்தடியிலோ, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து ஒன்றேகால் அடி ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் எடுங்கள். ஒரு பக்கம் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கட்டும். கட்டை அவிழ்த்து, செடிகளைத் தனித்தனியாக அந்தச் சரிவில் சாய்த்து அடுக்கி, வேர் மேல் பொலபொலப்பான மண்ணைப் போட்டு, கையால் வேர்களுக்கு நடுவே மண்ணைத் திணித்து, ஒட்டுக்குச் சற்றுக் கீழே வரை மூடி, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, மண் இறங்கிய இடத்தில் மறுபடி மண் போடுங்கள். கட்டை அவிழ்க்காமல் அப்படியே புதைத்துவிட்டுப் போவதுதான் எல்லாரும் செய்வது. வெளிச் செடிகளுக்கு மண் கிடைக்கும், நடுவில் இருக்கிற பத்துச் செடியின் வேர் காற்றில் தொங்கிக் காயும். போன வருஷ எருக்குழி, பூண்டு அழுகல் வந்த பாத்தி இரண்டும் வேண்டாம். மணலும் மண்ணும் பாதிப் பாதி கலந்த இடம் என்றால் பிறகு வேர் அறுபடாமல் சுலபமாக எழும். பக்கத்தில் எலி நடமாட்டம் இருந்தால் சுற்றி வைக்கோல் போடாதீர்கள், அதற்குள் உட்கார்ந்து பட்டையைச் சுரண்டும்.

சாய்ப்பது எதற்கு என்றால் இடம் மிச்சம், காற்றில் ஆடாது, எடுப்பதும் சுலபம். உங்கள் பக்கம் ஜனவரி ராத்திரி நல்ல குளிர், பகலிலும் நிழலில் சூடு அவ்வளவு ஏறாது, அதனால் அன்னாகூட மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். ஆனால் தினம் ஒரு பார்வை பாருங்கள். மொட்டு உப்பி நுனியில் சாம்பல் பச்சை தெரிந்தால் அதற்கு மேல் ஒத்திப்போட முடியாது, குழி வெட்டிய இடத்தில் உடனே நட்டுவிட வேண்டும். குழி தயாரில்லாத செடிகளைப் பெரிய குரோ பேக்கில் வைத்துவிடுங்கள், அதன் பிறகு அதைப் பைச்செடியாகத்தான் பார்க்க வேண்டும், வேர் பிடிக்கும் முன்னால் பாதியில் பிரித்து நடக் கூடாது, ஜூன் மழையில் மண் உருண்டை உடையாமல் நடலாம்.

குளிர்பதனக் கிடங்கு இருக்கிறதே, அங்கே வைக்கலாமே என்றும் கேட்பீர்கள். செடிக்கு ஏற்ற சூடு 0 முதல் 4 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், அந்தக் கணக்கில் கிடங்கு அருமையான இடம். ஆனால் ஆப்பிள், பேரிக்காய், வாழை என்று பழம் வைத்திருக்கிற அறையாக இருந்தால் கால் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு மூடிய அறையில் தேங்கி, உறங்கும் மொட்டுகளைக் கெடுக்கும், வெளியே எடுக்கும்போது செடி பார்க்க நன்றாகவே இருக்கும், நட்டால் பாதி மொட்டு விரியாது. ஆப்பிள் செடிக்கு ஆப்பிள் பழமே ஆகாது என்பது வேடிக்கைதான். உருளைக்கிழங்கு, கேரட் மட்டும் இருக்கிற அறை என்றால் சரி. வீட்டு ஃபிரிட்ஜிலும் நாலைந்து குட்டைச் செடி வைக்கலாம், வேரை ஈரப் பேப்பரில் சுற்றிப் பாலித்தீன் போட்டு, பழங்களை வெளியே எடுத்துவிட்டு. 80 செடிக்கு அது நடக்காது. மலை ஏறும் வண்டியில் பக்கத்தில் வாழைத்தார் இருந்ததே என்று கவலைப்பட வேண்டாம், திறந்த வண்டியில் சில மணி நேரம் ஒன்றும் செய்யாது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு நடுகிற அன்று கோட்டை விடுவதுதான் அதிகம். காலை எட்டு மணிக்கு ஆட்கள் வருவார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒருத்தர் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு செடியைப் போட்டுக்கொண்டே வருவார், 80 குழிக்கும் போட்டு முடித்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். பத்து மணி வெயிலில், காய்ந்த செம்மண் மேல், 80 வேரும் மல்லாந்து கிடக்கும். கடைசிக் குழியின் செடி மண்ணுக்குள் போகும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். ஹிமாச்சலிலிருந்து இத்தனை தூரம் ஈரம் குறையாமல் கொண்டு வந்ததெல்லாம் அந்த ஒரு காலையில் வீண். சொன்னால், செடி ஈரமாத்தானே இருந்துச்சு என்பார்கள். ஆகவே அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை வாளியைப் பிடித்துக்கொண்டு நடப்பது. வாளியில் சேற்றுக் குழம்பு, அதில் பத்துச் செடி, மேலே ஈரச் சாக்கு. குழிக்குப் போய் ஒரு செடியை எடு, முறிந்த வேரைக் கத்தரியால் சுத்தமாக நறுக்கு, உடனே வை, மூடு, தண்ணீர் ஊற்று, அடுத்தது. பத்து முடிந்த பிறகு அடுத்த பத்து. மீதி எல்லாம் பள்ளத்திலேயே இருக்கட்டும்.

நீளமான வேரைக் குழிக்குள் சுருட்டி வைக்காதீர்கள், குழியை அகலப்படுத்துங்கள், முடியாவிட்டால் நுனியை வெட்டுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். தண்டை இரண்டரை அடியில் வெட்டிவிடுங்கள், பிடுங்கும்போதே பாதி வேர் போய்விட்டது, அத்தனை மொட்டுக்கும் அதனால் சாப்பாடு போட முடியாது. வெட்டிய வாயில் போர்டோ பசை, மயில் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற அளவு, உங்களுக்கு 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர் போதும். உரம் எதுவும் இப்போது வேண்டாம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ நடுவதால் ஏப்ரல் மழை வரை வாரம் இரண்டு தண்ணீர் உங்கள் பொறுப்பு, அதற்கு வழி இல்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் போடுவதே வீண்.

சில செடி ஏப்ரல் ஆகியும் துளிர்க்காமல் அப்படியே நிற்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள், பிடுங்கினால் அப்போதுதான் விட ஆரம்பித்த வேர் அறுந்துபோகும். நகத்தால் கீறுங்கள், பச்சை இருந்தால் மே கடைசி வரை விடுங்கள். ஒட்டுக்குக் கீழே மட்டும் துளிர்த்து மேலே காய்ந்திருந்தால் அது அடிச்செடிதான், அந்தத் துளிரை வைத்து அடுத்த வருஷம் நாமே ஒட்டுக் கட்டலாம்.

கடைசியாக, நர்சரிக்காரர் இந்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டு பிப்ரவரி பாதியைத் தாண்டினால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணத்தை அடுத்த டிசம்பருக்கு வரவு வைக்கச் சொல்லலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். டெலிசியஸ் என்றால் மார்ச் முதல் வாரம் வரைகூட யோசிக்கலாம். உங்கள் ரகங்கள் அப்போது அங்கேயே மொட்டு விட ஆரம்பித்திருக்கும், கீழே மதுரையில் வெயில் ஏறியிருக்கும், மேலே தண்ணீருக்குத் தட்டுப்பாடு தொடங்கியிருக்கும்.